கழுவியும் வெளுக்காத விரல்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். நீள்வட்ட மேசையின் தலைமாட்டில், ஏசிக் காற்று நேராக முகத்தில் விழும் நாற்காலியில், குறுவாற்றுப்பாளையம் சாயத்தொழில் அதிபர்கள் சங்கத் தலைவர் கவின்பிரசாத். அவருக்கு வலப்பக்கம், 'இணக்கம்' என்ற ஊசிமருந்தைச் செய்த நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி ஆதவன் நம்பி. மருந்தைச் செய்தவரே அதைச் சோதிக்கும் குழுவிலும் உட்காரலாம் என்று விதியில் இடம் இருந்தது. விதியை எழுதிக் கொடுத்தவரும் அவரே. அவரை அடுத்து, காலை விமானத்தில் வந்து மாலை விமானத்தில் திரும்பவேண்டிய இணைச் செயலர் லக்ஷனா. இடப்பக்கம், தொழிலாளர் தரப்பில் மோனிஷ். அவரை அடுத்து, பொதுமக்கள் தரப்பில் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் தர்ஷன். பொதுமக்களில் ஒருவரோடும் அவருக்குப் பழக்கம் கிடையாது. கால்மாட்டில், கழிவறைக் கதவு திறக்கும்போதெல்லாம் முதுகில் இடிக்கும் நாற்காலியில், மருத்துவ உறுப்பினர் தாரணி. ஏழாவது ஆளுக்கு மேசையில் இடமில்லை. வாசலையொட்டிப் போட்ட பிளாஸ்டிக் ஸ்டூலில், கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, கருப்புச் சாயப் பிரிவில் வேலை பார்க்கும் பிரதிக்ஷா உட்கார்ந்திருந்தாள்.

மேசை மேல் முந்திரித் தட்டு வந்தது. அது எப்போதும் தலைமாட்டில் புறப்பட்டு, கால்மாட்டை அடையும்போது உப்பும் தூளுமாக இருக்கும். தாரணி அந்தத் தட்டைப் பார்த்தே இந்தக் குழுவின் மருத்துவ மதிப்பை அளந்து வைத்திருந்தாள்.

"வணக்கமுங்க. சுருக்கமா முடிச்சுப் போடலாமுங்க" என்று கவின்பிரசாத் ஆரம்பித்தார். "மூணு வருச சோதனை முடிஞ்சுது. அறுநூறு பேத்துக்கு ஊசி போட்டோம். ஒருத்தருக்கும் சிரங்கு இல்லை, இளைப்பு இல்லை. இன்னைக்கு நாம ஒத்துக்கிட்டோம்னா, நாளையிலிருந்து பாளையத்துல எந்தப் பட்டறைக்குள்ள நுழையறதுன்னாலும் ஊசி போட்டிருந்தாத்தான் கேட் பாஸ். ஏனுங் மேடம், ஏகமனதாத்தானுங்க வேணும்?"

"ஏகமனதா இருந்தா உங்களுக்குத்தான் நல்லது" என்றார் லக்ஷனா, கைக்கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெரும்பான்மை முடிவுன்னா அமைச்சர் மாத்தலாம், கோர்ட் மாத்தலாம். ஏகமனதா வந்த முடிவை, கையெழுத்துப் போட்ட அதே ஆறு பேரும் மறுபடி ஏகமனதா உட்கார்ந்தாத்தான் மாத்த முடியும். போன வருஷத்துச் சட்டம்."

"பாருங்க, எத்தனை நல்ல சட்டம்!" கவின்பிரசாத் ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அரைத்தூக்கத்திலிருந்த தர்ஷனுக்கு, தான் ஏதாவது ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்ற கடமையுணர்ச்சி கூட்டத்துக்கு ஒருமுறை வரும். இப்போது வந்தது. "இந்த மருந்து எங்கே வேலை செய்யுது? தோல்லயா, மூக்குலயா?"

"ரெண்டுலயும் இல்ல சார். எலும்புக்குள்ள, மஜ்ஜையில" என்றார் ஆதவன் நம்பி. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பேசுகிற குரல் அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது. "நோயை எதிர்க்கிற செல்கள் எல்லாம் மஜ்ஜையிலதான் பிறக்குது. பிறக்கும்போது தான் யாராகப்போறோம்னு அதுக்குத் தெரியாது. அங்கே சில புரதங்கள் இருக்கு. அந்தப் புரதங்கள்தான் ஒவ்வொரு குஞ்சுச் செல்லுக்கும் சேதி சொல்லும். நீ வளரு, நீ பொறு, நீ வேண்டாம், செத்துப்போ. சொந்த உடம்பையே கடிக்கப்போற செல்லை அங்கேயே தீர்த்துக்கட்டிடும். இது இயற்கை. நாங்க செஞ்சது ஒண்ணுதான். 'நீ வேண்டாம்'னு சொல்ற புரதத்தைக் கொஞ்சம் திருத்தினோம். சாயத்தைப் பார்த்துக் கோபப்படற செல்லுக்கும் இப்ப அது அதே சேதியைச் சொல்லும்."

"மேஸ்திரி மாதிரிங்க" என்று கவின்பிரசாத் விளக்கத்துக்கு விளக்கம் சொன்னார். "சண்டைக்காரனை வாசல்லயே வடிகட்டிப் போடுவாப்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மோனிஷ் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். அவரும் ஒரு காலத்தில் அப்படி வடிகட்டப்பட்டவர்தான். சங்கக் கொடி பிடித்து மூன்று பட்டறைகளிலிருந்து துரத்தப்பட்டவர். இப்போது அவர் கை வெள்ளை வெளேரென்று இருந்தது.

தாரணி சிரிக்கவில்லை. பட்டறைக்குள் நாலு புகைபோக்கி வைத்து, ஆளுக்கு ஒரு ஜோடி நல்ல கையுறை வாங்கித் தருவதைவிட, மனிதனுடைய எலும்புக்குள் புகுந்து திருத்துவது சுலபம் என்று ஒரு ஊரே முடிவு கட்டியிருந்தது. அதற்கு விஞ்ஞானம் என்று பேர் வேறு. வாயைத் திறந்தாள்.

"எனக்கொரு சந்தேகமுங்க. மூணு வருஷமா இந்த அறுநூறு பேர்ல ஒருத்தருக்குக்கூடக் காய்ச்சல் வரலைன்னு அறிக்கையில இருக்கு."

"ஆமாமா" என்றார் கவின்பிரசாத்.

"போன ஐப்பசியில ஊரே காய்ச்சல்ல படுத்துச்சே. உங்க வீட்டுலகூட..."

"எம்மருமவ பத்து நாளு எந்திரிக்கலீங்க."

"அப்ப இவங்களுக்கு மட்டும் ஏன் வரலை?"

"அதுதானுங்களே மருந்தோட மகிமை!" என்று கவின்பிரசாத் மேசையைத் தட்டினார்.

இவரிடம் பேசுவதும் சாயத்தொட்டிக்குள் கல் போடுவதும் ஒன்றுதான். கல் போன இடம்கூடத் தெரியாது. இருந்தாலும் தாரணி சொன்னாள்.

"காய்ச்சல்ங்கறது கிருமி இல்லீங்க. கிருமியோட உடம்பு போடற சண்டை. வீங்கறது, சிவக்கறது, சுடறது, சீழ் பிடிக்கறது எல்லாம் அந்தச் சண்டையோட சத்தம். சத்தமே கேக்கலைன்னா, வீட்டுக்குள்ள திருடனே வரலைன்னும் இருக்கலாம். நாய் செத்துப்போச்சுன்னும் இருக்கலாம். அந்தப் புரதத்துக்குச் சாயத்தோட பேர் தெரியாது. கோபம்தான் தெரியும். முதல்ல சாயத்துமேல கோபப்பட்ட செல்லைக் கொன்னுது. பொறவு கோபப்படற செல்லையெல்லாம் கொல்லப் பழகியிருந்தா? அதுக்குத்தான் மஜ்ஜை எடுத்துப் பார்க்கணும்னு மூணு தடவை எழுதிக் கேட்டேன்."

"நிராகரிச்சோம்" என்றார் ஆதவன் நம்பி அமைதியாக. "மஜ்ஜை எடுக்கறது வலிக்கும். தொழிலாளர் நலனுக்கு எதிரானது."

"நாங்கதான் எதிர்ப்புத் தெரிவிச்சோமுங்க" என்று மோனிஷ் பெருமையோடு சேர்த்துக்கொண்டார்.

"வாதம் எதுக்குங்க? ஆளையே கூட்டியாந்திருக்கறோம்" என்று கவின்பிரசாத் வாசல் பக்கம் திரும்பினார். "ஏம்மிணி, சொல்லு. பயப்படாத. ஊசி போட்டு எப்படி இருக்கற?"

பிரதிக்ஷா எழுந்து நின்றாள். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். பட்டறைக்குக் கட்டாத நல்ல புடவை கட்டி வந்திருந்தாள்.

"நல்லா இருக்கறனுங்க. முந்தி கையெல்லாம் தடிச்சுப் போயி அரிச்செடுக்குமுங்க. மூச்சு இழுக்கும். மாசத்துல பாதி நாளு லீவுதானுங்க. இப்ப ஒரு தும்மல்கூட இல்லீங்க."

"கேட்டுக்கங்க!"

"எம்பொண்ணு நைனிகாவுக்கும் திங்கக்கெழமை ஊசிங்க. ஊசி போட்டாத்தான் பாஸுன்னு சொன்னாங்க. பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டனுங்க."

அவள் பேசும்போதெல்லாம் முந்தானைக்குள்ளிருந்த வலக்கை வெளியே வரவேயில்லை. கும்பிடும்போதுகூட ஒரு கைதான் நெஞ்சுக்கு வந்தது. இதை அந்த அறையில் தாரணி ஒருத்திதான் கவனித்தாள்; மற்றவர்கள் அவளைப் பார்க்கவேயில்லை, அவள் சொன்ன 'நல்லா இருக்கறனுங்க' என்ற சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையைக் காட்டு அம்மிணி" என்றாள் தாரணி.

"வேண்டாமுங்க."

"ஏன்?"

பிரதிக்ஷாவின் முகம் கூசியது. "கழுவிப்போட்டுத்தான் வந்தனுங்க. பெரியவங்க முன்னால வரணும்னு காத்தாலயே ஹைட்ரோஸ் கரைச்சுக் கழுவினனுங்க. ஒம்பது விரலும் வெளுத்துருச்சு. இது ஒண்ணுதான் என்ன பண்ணியும் வெளுக்க மாட்டேங்குது. அழுக்காட்டம் வந்துட்டான்னு நெனச்சுக்காதீங்க."

குறுவாற்றுப்பாளையத்தில் இது எல்லாரும் செய்வதுதான். தவறாகச் சாயமேறிய துணியை வெளுக்க வைத்திருக்கும் ஹைட்ரோஸ் பொடியை ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் கையைக் கழுவிக்கொண்டுதான் கல்யாணத்துக்கும் கோயில் நோம்பிக்கும் போவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் விரல் நுனியைத்தான் முதலில் பார்ப்பார்கள். நன்றாகக் கழுவத் தெரியாதவள் என்று பேர் வாங்குவதைவிட, இந்த ஊரில் ஒரு பெண் கையையே மறைத்துக்கொள்வாள்.

தாரணி எழுந்து போனாள். முந்தானையை மெல்ல விலக்கினாள்.

வலக்கை மோதிர விரல் நுனியிலிருந்து இரண்டாவது கணு வரைக்கும் கருப்பாக இருந்தது. சாயக்கருப்புக்கு ஓர் ஒழுங்கின்மை உண்டு. நகக்கண்ணில் அடர்ந்து, கணு மடிப்பில் கோடு விழுந்து, நடுவில் வெளிறியிருக்கும். இந்தக் கருப்பு பார்த்துப் பார்த்துப் பூசியதுபோல் ஒரே சீராக, சற்று மினுங்கிக்கொண்டு இருந்தது. வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. ஒரு பொட்டுச் சீழ் இல்லை. தொட்டால் சில்லென்று இருந்தது. நகம் ஆடியது.

தாரணி அவள் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி விரல் நுனியில் குத்தினாள். பிரதிக்ஷா கூச்சத்தோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"குத்திப்போட்டீங்களாங்க?"

தாரணி ஊக்கை மடக்கினாள். "எப்ப இருந்து இப்படி?"

"தீவாளிக்கு முன்னால மரச்சட்டத்துல கை பட்டு ஒரு சிலாம்பு ஏறுச்சுங்க. எடுத்துப்போட்டனுங்க. வலியும் இல்லை, ஒண்ணும் இல்லை. பொறவு மெல்ல மெல்லக் கருத்துச்சு. கருப்புத் தொட்டியில வேலை, சாயம்னு விட்டுப்போட்டனுங்க. கம்பெனில இருந்து மாசாமாசம் கையைப் போட்டோ எடுத்துட்டுப் போறாங்களே, அவங்களும் சாயக்கறைன்னுதான் எழுதிக்கிட்டாங்க."

தாரணி மேசையைப் பார்த்துத் திரும்பினாள். "இது சாயம் இல்லை. விரல் செத்துப்போச்சு. சிலாம்பு வழியாக் கிருமி போயிருக்கு. எதிர்க்கறதுக்கு உள்ள ஒரு ஆளும் இல்லை. இந்த ஊர்ல கை கருத்தா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அதனால மூணு மாசமா எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்திருக்கோம்."

கவின்பிரசாத் கேட்டார், அக்கறையாகவே கேட்டார்:

"வலிக்கலீங்கல்ல?"

"இல்லை."

"அப்பறம் என்னங்க?"

தர்ஷன் விழித்துக்கொண்டார். "கருப்புச் சாயமா? அது போகவே போகாது. எங்க காலேஜ் பட்டமளிப்பு அங்கியெல்லாம் இருபது வருஷமா அப்படியே..."

"அஜெண்டாவில 'பயனாளியின் அனுபவப் பகிர்வு'ன்னுதான் இருக்கு" என்றார் லக்ஷனா. "உடல் பரிசோதனை இல்லை. இதைக் குறிப்புல ஏத்தணுமான்னு யோசிக்கணும்."

"தனிப்பட்ட ஒரு சம்பவம்" என்றார் ஆதவன் நம்பி. "அறுநூறுல ஒண்ணு."

"கழுவினதால தெரிஞ்சது ஒண்ணு. மத்தவங்களைக் கழுவிப் பார்த்தீங்களா?" என்றாள் தாரணி.

ஆதவன் நம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டாக்டர் நித்திலனும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு. நல்ல மனுஷன். கடைசில உடம்பு முடியாம விலகவேண்டியதாப் போச்சு."

உடம்பு முடியாத நித்திலனைத் தாரணி போன மாதம் கோவையில் பார்த்தாள். பூப்பந்து ஆடிவிட்டு வியர்வையோடு வந்தார். அவர் நாற்காலிதான் இது. அவருக்கு முன்னால் இதில் ஓர் அம்மாள் இருந்தார். அவருக்கும் உடம்பு முடியாமல்தான் போயிருந்தது. மறுப்புச் சொல்கிறவர்களுக்கு ஒரு சேதி போகும், 'நீ வேண்டாம்' என்று. சொல்லாதவர்கள் வளர்வார்கள். தர்ஷன் ஒன்பது வருடமாக வளர்ந்துகொண்டிருந்தார். முதல் இரண்டு வருடம் முந்திரித்தூளை நக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததால்தான் தன்னையும் விட்டு வைத்திருக்கிறார்கள் என்பது தாரணிக்கு இப்போது உறைத்தது. ஆதவன் நம்பி எலும்புக்குள் கண்டுபிடித்ததாகச் சொல்வதை இந்த மேசையைப் பார்த்தே எழுதியிருக்கலாம்.

அப்போது வாசலிலிருந்து பிரதிக்ஷாவின் குரல் வந்தது. "அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு அம்மிணி."

"இந்த விரலை எடுத்துப்போட்டா, ஊசி தொடர்ந்து போட்டுக்கலாமுங்களா? பாஸ் போயிருச்சுன்னா வேற பொழப்பு இல்லீங்க. எம்பொண்ணுக்கும் ஒண்ணும் சொல்லிப்போட மாட்டாங்களே?"

"பாருங்க, பாருங்க, எத்தனை ஆர்வம்!" கவின்பிரசாத் நெகிழ்ந்தே போய்விட்டார். "நாம உக்காந்து மயிரைப் பொளந்துக்கிட்டு இருக்கறோம். மோனிஷ், அந்தம்மிணிக்கு ஒரு காப்பி சொல்லுப்பா."

தாரணி பிரதிக்ஷாவின் தோளை அழுத்தி, "எங்கயும் போயிராத, இங்கயே இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். கழிவறைக் கதவு முதுகில் ஒரு இடி இடித்தது. அவள் அடங்கிவிட்டாள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆதவன் நம்பி அவளைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார்; சோதனைக் குழாயில் எதிர்பார்த்த நிறம் வந்ததும் செய்கிற புன்னகை.

"அப்ப எழுதிரலாமுங்களா?" என்றார் கவின்பிரசாத்.

எழுதுவது என்றால் காகிதத்தில் பேனாவால் எழுதுவதுதான். குரலையும் முகத்தையும் கையெழுத்தையும் எந்திரங்கள் போலியாகச் செய்யத் தொடங்கி, ஒரு தேர்தலே நாறிப்போன பிறகு, அரசாங்கம் காகிதத்துக்கும் அரக்குக்கும் திரும்பியிருந்தது. முடிவை மருத்துவ உறுப்பினர் தன் கையால் எழுதவேண்டும். எழுதியதை உரக்க வாசிக்கவேண்டும். கால்மாட்டிலிருந்து புறப்பட்டு, இடவரிசை, வலவரிசை என்று போய், கடைசியில் தலைவர் கையெழுத்திட்டு, எல்லார் முன்னிலையிலும் உறையிட்டு அரக்கு வைக்கவேண்டும். அரக்கு வைத்த உறையை அமைச்சகத்தைத் தவிர யாரும் பிரிக்கக்கூடாது. சட்டம் எல்லாவற்றையும் யோசித்திருந்தது. கையெழுத்துப் போடுகிறவர்கள் காது கொடுத்துக் கேட்கவேண்டும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தது.

கவின்பிரசாத் இரண்டு வரி சொன்னார். "'இணக்கம் பாதுகாப்பானது எனக் குழு கருதுகிறது...' பொறவு வழக்கம்போல நீங்களே போட்டுருங்க டாக்டரம்மா. உங்களுக்குத் தெரியாததா." அதற்குள் அவருடைய கைக்கருவி சிணுங்கியது. கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டாயிற்று. பள்ளிபாளையம் சிக்கன் வாசனை மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தது.

தாரணி எழுதினாள். சின்ன ஊர்ப் பள்ளியில் கோடு போட்ட நோட்டில் பழகிய கை. எழுத்து நிமிர்ந்து, ஒன்றையொன்று இடிக்காமல் நின்றது. எதையும் மறைத்தோ பொடியாகவோ எழுதவில்லை. முடித்ததும் எழுந்து நின்று, கடைசி நாற்காலிக்கும் கேட்கிற குரலில் வாசித்தாள்.

"இணக்கம் ஊசியால் தொழிலாளர் ஒருவரின் விரல் அழுகியிருப்பதைக் குழு இன்று நேரில் கண்டது. எனவே இந்த நிமிடம் முதல் இந்த ஊசியை எவருக்கும் போடக்கூடாது என்று குழு ஏகமனதாக முடிவு செய்கிறது."

"தயிர் நம்ம வீட்டுல இருந்து வருதா, கடைத் தயிரா?" என்று கவின்பிரசாத் கைக்கருவியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏற்கெனவே போட்டுக்கொண்ட அனைவரின் மஜ்ஜையும் சோதிக்கப்பட வேண்டும். மஜ்ஜை தேறும்வரை அவர்களுக்கு முழுச் சம்பளத்தோடு விடுப்பு தரவேண்டும்."

லக்ஷனா விமானத்தில் ஜன்னலோர இருக்கை காலியாக இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். ஆதவன் நம்பி தன் நிறுவனத்தின் பங்கு விலையைப் பார்த்துக்கொண்டே, நடுநடுவே தலையாட்டினார். தர்ஷனின் தாடை நெஞ்சில் இறங்கியிருந்தது.

"ஊசியைக் காரணம் காட்டி எவருக்கும் கேட் பாஸ் மறுக்கக்கூடாது. பட்டறைகளில் புகைபோக்கியும் கையுறையும் வைக்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்கிறது. இதைக் கையெழுத்திடும் ஆறு பேரும் முழுமனத்தோடு ஒப்புகிறோம்." தாரணி நிமிர்ந்தாள். "யாருக்காவது ஆட்சேபணை இருக்குங்களா?"

ஓர் உறுப்பினருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

"அருமையா இருக்குதுங்க" என்றார் கவின்பிரசாத், கைக்கருவியைக் கையால் பொத்திக்கொண்டு. "போடுங்க, போடுங்க. இலையில காத்துட்டு இருக்காங்க."

தாரணி கையெழுத்திட்டு, தர்ஷன் பக்கம் நகர்த்தினாள். அவர் கண்ணைத் திறந்து, பட்டச் சான்றிதழில் போடுகிற அதே வளைசுழிக் கையெழுத்தைப் போட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

காகிதம் மோனிஷிடம் போனது.

மோனிஷ் பேனாவை எடுத்தார். எடுத்த பேனா நின்றது. அவர் கண் முதல் வரியில் விழுந்து, அங்கேயிருந்து மெல்ல இறங்கி, கடைசி வரியில் வந்து நின்றதைத் தாரணி பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார். இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைவரின் விசுவாசி என்ற பேரோடு இலையில் கூடுதலாக ஒரு கறித்துண்டும் விழும். பத்து வருடமாக அதற்காகத்தான் வாழ்கிறார்.

மோனிஷ் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். பிரதிக்ஷா காப்பித் தம்ளரைப் பிடித்திருந்தாள். சூடான தம்ளர். நாலு விரலையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். கருப்பு விரல் மட்டும் தம்ளரோடு ஒட்டி, அசையாமல் இருந்தது.

"என்னப்பா, எழுத்துக் கூட்டிப் படிக்கறயா?" என்று கவின்பிரசாத் சிரித்தார்.

"இல்லீங்க மாமா" என்றார் மோனிஷ். கையெழுத்துப் போட்டார். எதிரே தள்ளும்போது தாரணியைப் பார்க்காமலே சொன்னார், "டாக்டரம்மாவுக்கு எழுத்து நல்லா இருக்குதுங்க. அதைத்தான் பார்த்தேன்."

லக்ஷனா இடக்கையால் கைக்கருவியைப் பிடித்துக்கொண்டே வலக்கையால் போட்டார். ஆதவன் நம்பி தன் பெயருக்குப் பின்னால் எல்லாப் பட்டங்களையும் எழுதினார். அதற்கு இடம் போதுமா என்றுதான் காகிதத்தை ஆராய்ந்தார். கவின்பிரசாத் நின்றுகொண்டே போட்டார். உறைக்குள் மடித்து வைத்ததும் அவர்தான். மெழுகுவத்தியில் அரக்கைக் காட்டி, உறையின் வாயில் சொட்டவிட்டு, சங்கத்தின் பித்தளை முத்திரையை எடுத்து முஷ்டியால் ஓங்கி ஒரு குத்துக் குத்தி, ஊதி ஆறவைத்ததும் அவரேதான்.

"அப்பாடா. இனி அந்தக் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது" என்றார் திருப்தியோடு.

"முடியாதுங்க" என்றாள் தாரணி.

அமைச்சகத்தின் சிவப்பு அஞ்சல் வண்டி வாசலில் நின்றது. எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்க, தாரணி உறையை எடுத்து, பிரதிக்ஷாவைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கப் படியில் இறங்கினாள். ஓட்டுநரிடம் உறையைக் கொடுத்து ரசீது வாங்கினாள். "கோவையில பெரிய ஆஸ்பத்திரி வழியாத்தானே போவீங்க? இவங்களை அங்க இறக்கி விட்டுருங்க. நான் இப்பவே போன் பண்ணிச் சொல்லிர்றேன். சாயங்காலத்துக்குள்ள பின்னாலயே வந்துருவேன்." அவர் தலையைச் சொறிந்தார். பிறகு பிரதிக்ஷாவின் கையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து இடம் விட்டார்.

பிரதிக்ஷா ஏறி உட்கார்ந்தாள். கை மறுபடி முந்தானைக்குள் போயிருந்தது.

"அம்மா, நைனிகாவுக்கு..."

"ஊசி கிடையாது. பாஸ் உண்டு."

"எனக்கு ஊசியை நிறுத்திப்போட்டா, மறுபடி அரிப்பு வருமுங்களா? தும்மல் எல்லாம்?"

"வரும். ஆறு மாசம் ஆகும், ஒரு வருஷம் ஆகும். ஒரு நாளைக்கு வரும்."

"அப்பறம் என்னங்க பண்றது?"

தாரணி கதவைச் சாத்தினாள். "நல்லாச் சத்தமாத் தும்மு அம்மிணி. ஊருக்கே கேக்கட்டும்."

சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலிலிருந்து கவின்பிரசாத் எட்டிப் பார்த்தார். கையில் எலும்பு. "உறை போயிருச்சுங்களா டாக்டரம்மா?"

வண்டி திருப்பத்தில் திரும்பி, கறுத்த ஆற்றின் பாலத்தில் ஏறும்வரை தாரணி காத்திருந்தாள்.

"போயிருச்சுங்க" என்றாள்.